ஓடுகாலி ரத்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னவன். மனுஷனுடைய குணம் அவன் உடம்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது, ஒருநாள் அதைக் கண்ணாடிக்குழாயில் போட்டு வாசிக்கப் போகிறார்கள் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் என் சாவிக்கடை வாசலில் நின்று சொன்னேன். எதிர்க்கடைத் தையற்காரர் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். நேற்று உன் கடிதத்தைக் கொண்டுபோய் அவருக்கு உரக்க வாசித்தேன். மனுஷர் அதிர்ந்துபோய்க் கத்தரிக்கோலை நழுவவிட்டார். யாரோ ஒருவருடைய சட்டைக்கை போயே போய்விட்டது.

முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. அவசரத்தில் முன்பின் ஆகிவிட்டது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? போனில் கேட்கலாமே என்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் வெட்டுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஊர் ஊராக ஆட்கள் எச்சிலைக் குழாயில் துப்பி உங்கள் ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். நீ அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கிறாய். யார் பயந்தவர், யார் முன்கோபி, யார் ஓரிடத்தில் தரிக்காதவர் என்பதற்கெல்லாம் அதில் காரணம் தேடுகிறீர்கள். படித்ததும் எனக்கு வாயே வறண்டுவிட்டது. நல்லவேளை, அந்த நேரத்தில் யாரும் என்னிடம் குழாயை நீட்டவில்லை.

எனக்கு இது புரியாத விஷயமில்லை. சாவிக்குச் சாவி நகல் எடுக்கிறவன் நான். மூலச்சாவியில் ஒரு பல் கோணலென்றால் நகலிலும் கோணல். நகலுக்கு நகல் எடுத்தாலும் அந்தக் கோணல் போகாது. அப்பன், பிள்ளை, பேரன். அவ்வளவுதான் உங்கள் விஞ்ஞானம். இதற்கு எதற்கு அத்தனை பெரிய கட்டிடம்?

நம் குடும்பத்தில் யாருக்கு என்ன குணம் என்று கேட்டிருக்கிறாய். கேள்வி கேட்டே என்னிடம் கேள்விக்குறி என்று பெயர் வாங்கியவளாயிற்றே. என் பக்கம் எழுதிக்கொள்: துணிச்சல். வங்கி மேலாளரின் மேசை இழுப்பறையை ஒரே ஒரு கொண்டை ஊசியால் திறந்தவன் நான். உன் அப்பா பக்கம் உனக்கே தெரியும், ஓடுகாலி ரத்தம். விரிவாக வேண்டுமென்றால் சொல். உன் அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

என் ஆசி முழுவதும் உனக்கே,
மாமா


பிப்ரவரி 14

அன்புள்ள மாமா,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கடையில் நின்றுகொண்டே வேலை செய்யாதீர்கள். நாங்கள் இருவரும் நலம்.

சாவிக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. ஒரு குணத்துக்கு ஒரு மரபணு என்று கிடையாது. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆளை ஒரு மயிரிழை தள்ளுகிறது. அதுபோக, வளர்ந்த வீடு, பழகிய ஆட்கள், பட்ட அடி. பெரிய கூட்டத்தைப் பற்றி எங்களால் ஏதோ கொஞ்சம் சொல்ல முடியும். தனி ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல முடியாது. இதை வாரம் இரண்டு முறையாவது யாருக்காவது விளக்குகிறேன்.

இருந்தாலும், ஒரே குணம் தலைமுறை தலைமுறையாகத் தெரிகிற குடும்பங்களை எங்கள் தலைமை ஆய்வாளர் தேடிக்கொண்டிருக்கிறார். அதனால் கேட்கிறேன். அப்பா, அப்பாவின் அப்பா, அவருக்கும் அப்பா. மூன்று பேரும் வீட்டைவிட்டு எப்படிப் போனார்கள்? சின்ன வயதில் நீங்கள் சொல்லக் கேட்டது அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

ஆய்வுக்காகத்தான். வேறொன்றுமில்லை.

அன்புடன்,
கேள்விக்குறி


பிப்ரவரி 20

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் மசியவில்லை. உன் அம்மா நலம். மருத்துவமனை சலவைக்கூடத்தில் இப்போது எட்டுப் பேருக்கு மேல் இவள்தான் மேற்பார்வை. விரிப்பில் ஒரு கறை தங்கினால் தொலைந்தார்கள். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

உன் அப்பா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நீ அவனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் தட்டுத்தட்டென்று நடந்துகொண்டிருந்தாய். “குடும்மா, போயிட்டு வந்துடறேன்” என்றான். கொடுத்தாய். போனான். இதுதான் உனக்குத் தெரியுமே.

உன் தாத்தா. அதாவது அவனுடைய அப்பா. கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் நுரையோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அப்படியே போய்விட்டார். தெருமுனையில் பார்த்தவர்கள் சொன்னார்கள்: ஒரு கன்னம் மழமழ, ஒரு கன்னம் வெள்ளை.

கொள்ளுத்தாத்தா கதை இதற்கெல்லாம் மேலே. சிநேகிதனை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனார். சிநேகிதன் திரும்பி வந்தான். கப்பலில் போனது இவர்!

இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்பாய். உன் அப்பா அம்மா கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அவன் வீட்டார் ஒருவரும் வரவில்லை. அவனும் தன் வீட்டைப் பற்றி வாய் திறக்காதவன். எல்லாம் நானாகத் துப்புத் துலக்கியது. வங்கியின் காப்பறைக் கதவையே கொண்டை ஊசியால் திறந்தவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

தாராளமாக எழுதிக்கொள். என் பெயர் போடவேண்டிய இடத்தில் போட்டுவிடு.

உன் பெருமைக்குரிய,
மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமா,

நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்ச நாளாக ஆய்வகத்து மருந்து வாசனை தாங்கவில்லை. ஜன்னல் ஓரத்து மேசைக்கு மாறிக்கொண்டேன்.

நம் குடும்பத்தை வரைந்துவிட்டேன். எங்கள் முறையில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நாம் தேடுகிற குணம் இருந்தால் உள்ளே கறுப்பு. மேலிருந்து கீழே மூன்று கறுப்புக் கட்டம், அதற்குக் கீழே ஒரு வெள்ளை வட்டம். தலைமை ஆய்வாளர் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி ஒரு குடும்பம் கிடைக்கறது அபூர்வம். யாருது?” என்று கேட்டார். சொல்லவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். அப்பா போனபோது எனக்கு நாலு வயது. தாத்தா போனபோது அப்பாவுக்கு என்ன வயது? கொள்ளுத்தாத்தா போனபோது தாத்தாவுக்கு?

நிதானமாக யோசித்து எழுதுங்கள். இது முக்கியம்.

கேள்விக்குறி


மார்ச் 14

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

அபூர்வக் குடும்பம்! இதை நான் தையற்காரரிடம் சொன்னபோது அவர் ஊசியை வாயில் வைத்திருந்தார். விழுங்காமல் போனது யார் செய்த புண்ணியமோ.

வாசனைக்கு உப்புப்போட்டு வாய் கொப்பளி. மூக்கும் வாயும் ஒரே குழாய்தான். நாங்கள் சௌக்கியம்.

வயது கேட்டாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாலு. உன் தாத்தா போனபோது உன் அப்பாவுக்கு நாலு வயது. கொள்ளுத்தாத்தா கப்பலேறியபோது உன் தாத்தாவுக்கும் நாலு. ஒரு மாதம் கூடக் குறைய இருக்கலாம். கெடிகாரத்தில் மணி அடிக்கிற மாதிரி, பிள்ளைக்கு நாலு வயதானால் அந்த ரத்தத்துக்கு மணி அடித்துவிடும். எழுதுகிற வேகத்தைப் பார். எழுத்து கோணியிருக்கிறது.

இதை உன் தலைமை ஆய்வாளருக்குக் காட்டு. நாற்காலியோடு சாய்ந்துவிடப் போகிறார்.

இனிமேல் உன் பதிலுக்குத் தபால்காரரை நான் தெருமுனையிலேயே மடக்குவேன்,
மாமா


ஏப்ரல் 22

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பல்செட் செய்கிறவனுக்கு எழுத்து வேலை குறைவு. போனில் சொல்லலாமென்றால் அவள் எப்போதும் பக்கத்தில் இருக்கிறாள். அதனால் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளுக்கு இது ஐந்தாவது மாதம். உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். பெற்ற தாயான அத்தையிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷமாகக் குழந்தை வேண்டாம் என்று இருந்தவள். ஏன் என்று சொன்னதில்லை. நானும் ஒரு அளவுக்கு மேல் கேட்டதில்லை. இப்போது தானாக வந்தது. எனக்குச் சந்தோஷம். அவளுக்கு அப்படித் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் ஒரு பை பார்த்தேன். அவளுடைய நாலு உடுப்பு, துண்டு, பல் துலக்கி, சான்றிதழ்கள். என்ன இது என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

“குழந்தை பொறந்ததும் நான் போயிடுவேன். நீங்க நல்லா வளத்துடுவீங்க, எனக்கு நம்பிக்கை இருக்கு. நாலு வயசுல விட்டுட்டுப் போனா அதுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். செருப்பு சத்தம்கூட ஞாபகம் இருக்கும். இப்பவே போயிட்டா முகமே தெரியாது. அதுதான் அதுக்கு நல்லது.”

அவள் அழவில்லை மாமா. மூலைக்கு மூலை சரியாகப் பிடித்து மடித்தாள்.

மூன்று தலைமுறை, நாலு வயது என்று ஏதோ சொல்கிறாள். உங்கள் கடிதத்தில் இருக்கிறதாம். அப்படி என்ன எழுதினீர்கள்? அது நிஜமா? நிஜமென்றால் அதற்கு ஏதாவது வைத்தியம் இருக்கிறதா? எனக்குத் தெரியாததால் கேட்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் வீட்டுக்காரன்


ஏப்ரல் 25

அன்பான கண்மணிக்கு,

மாப்பிள்ளை எழுதியிருந்தார். அவரைத் திட்டாதே. கடிதத்தைப் படித்ததும் கடைக்கதவை இழுத்து மூடிவிட்டேன். சுற்றிக்கொண்டிருந்த நகல் இயந்திரத்தை நிறுத்தக்கூட மறந்துவிட்டேன். சாவி ஒன்று பல்லே இல்லாமல் தேய்ந்துபோனது. உன்னை ஏழு முறை போனில் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் உண்டா? தூக்கம் வருகிறதா?

குழந்தை விஷயத்தை மட்டும் உன் அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “அஞ்சு மாசமா? என்கிட்ட சொல்லாமலா?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

உனக்குச் சில விவரம் எழுத விட்டுப்போய்விட்டது. பாதிச் சவரத்தோடு போன தாத்தா மறுவாரமே திரும்பி வந்து மீதிப் பாதியையும் சவரம் செய்துகொண்டார். கப்பலில் போன கொள்ளுத்தாத்தா கடைசிவரை மாதம் தவறாமல் கடிதம் போட்டார். அவருக்கு ஒரு தம்பி; நாற்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். நாற்காலியின் கால் தேய்ந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. அந்த ரத்தமும் உனக்குள் இருக்கிறது! அதையும் படத்தில் வரை. வெள்ளைக் கட்டமாக வரை.

பெண்களுக்கு இது வராது என்பதையும் சொல்லவேண்டும். ஆண் வழியில் மட்டும்தான். எனக்குத் திட்டவட்டமாகத் தெரியும்.

பையைப் பிரித்துவிடு, கண்ணு.
மாமா


மே 16

மாமாவுக்கு,

அம்மாவும் நீங்களும் நலந்தானே? எனக்கு உடம்பு பரவாயில்லை.

மார்ச்சில் அப்பாவின் பழைய பள்ளிச் சான்றிதழில் இருந்த முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன். ஆய்வுக்கு அந்தப் பக்கத்து எச்சில் மாதிரி தேவைப்பட்டது. பதில் வராது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் தங்கை இன்னும் அதே வீட்டில் இருக்கிறார். போன வாரம் போனில் கூப்பிட்டார். அத்தை பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

“யாரு, எங்க அப்பாவா? ஓடிப்போனாரா? எந்தப் பாவி சொன்னது? நாப்பத்தோரு வருஷம் ஒரே ஆபீஸ்ல லிஃப்ட் ஓட்டினாரும்மா. மேல போனாரு, கீழ வந்தாரு, வேற எங்கயும் போகலை. வெளியூர்ல ஒரு நாள் தங்கச் சொன்னா காய்ச்சல் வந்துடும் அவருக்கு. இந்த வீட்ல, அதோ அந்தக் கட்டில்லதான் உயிர் போச்சு. அப்ப எனக்கு வயசு நாப்பது. எங்க தாத்தாவா? அவர் கப்பலைக் கண்ணால பாத்திருப்பாரான்னே சந்தேகம்!”

நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு உங்கள் பழைய கடிதங்களைத் தேடி எடுத்தேன். அத்தை, “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் தலைமை ஆய்வாளரிடம் போய் அந்தப் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எது என் குடும்பம் என்றும் சொன்னேன். அவர் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மாமா, பெண்களுக்கு வராது என்கிறீர்கள். எங்கிருந்து கிடைத்தது இது? நாற்காலி, கொள்ளுத்தாத்தாவின் தம்பி, யார் இவர்கள்? ஆயிரம் பேரின் சராசரியை வைத்து ஒருத்தியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று நானே ஊருக்கெல்லாம் விளக்குகிறேன். என்னைப் பற்றி மட்டும் என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. ஏனென்றால் நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்டேன்.

இப்போது எனக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. படம் பொய்யென்றால், இரண்டு முறை பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனேனே, அது என்ன? அப்பா ஏன் போனார்?

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். உண்மை வரும்வரை நீங்கள் எழுதும் எதையும் பிரிக்கமாட்டேன். அம்மாவும் இப்போது வரவேண்டாம்.

உங்கள் மருமகள்


ஜூலை 19

கண்ணு,

இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நான் நல்லவனாக வந்து நின்றேன். இதைக் கிழிக்காமல் அனுப்பச் சொல்லித் தையற்காரரிடம் கொடுத்துவிடப் போகிறேன். நீ பிரிக்கவேண்டும் என்பதற்காக உறையின் மேல் உண்மை என்று எழுதியிருக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா போன பிறகு பதினொரு நாள் உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. “நான் என்ன தப்பு பண்ணேன், அண்ணா? நீயாவது சொல்லு” என்று மட்டும் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? பதினோராவது நாள் நான் சொன்னேன்: “உன் தப்பே இல்ல. விசாரிச்சேன். அவங்கப்பனும் அப்படித்தான் போனானாம். அது ரத்தம்.” நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய் முகம் கழுவினாள். “டீ போடட்டுமா?” என்றாள்.

அந்த வீட்டைப் பற்றி எங்களுக்கு எதுவுமே தெரியாது. அதனால் என்ன வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது. அப்பன் மட்டும் போதவில்லை, தாத்தாவையும் சேர்த்தேன். சவரம், கப்பல் எல்லாம் வருஷா வருஷம் தானாகச் சேர்ந்தவை. நாலு வயது, நீ கேட்ட பிறகு சேர்த்தது. அழகாகப் பொருந்துகிறதே என்று எழுதினேன். உன் வயிற்றில் பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது சமாதானமில்லை.

நீ அடுத்துக் கேட்டதற்கு வருகிறேன். உன் அப்பா ஏன் போனான்? போவதற்கு முந்தின நாள் மத்தியானம் என் கடைக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். முகம் சரியில்லை. “மச்சான்...” என்று ஆரம்பித்தான். நான் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து மறுபடி “மச்சான், ஒண்ணு சொல்லணும்” என்றான். “இரு, இதைக் கேட்டுட்டுச் சொல்லு” என்றேன். மூன்றாவது முறை வாயைத் திறந்து மூடிக்கொண்டான். நான் பூட்டைத் திறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கியுமில்லை, காப்பறையுமில்லை. அது பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி வைக்கிற அலமாரி. பூட்டு ஏற்கெனவே உடைந்திருந்தது.

அவன் எழுந்து, “சரி மச்சான், வரேன்” என்றான். மறுநாள் காலை போய்விட்டான்.

என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் போகாமல் இருந்திருப்பானா என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வரவில்லை.

நீ பையோடு இரண்டு முறை போனாய் என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை திரும்பியும் வந்திருக்கிறாய். அதை யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாமா


ஆகஸ்ட் 27

மாமாவுக்கு,

சனிக்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தாள். இருவரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி?

உங்கள் கடிதத்தை வந்த அன்றே படித்தேன். பதில் எழுத வரவில்லை. கோபமா என்று கேட்டால், ஆமாம். எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை.

மருத்துவமனையில் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இவளுக்கு யார் குணம் என்று கேட்கிறார்கள். மூன்று நாள் ஆனவளுக்கு என்ன குணம் இருக்கும்? பசிக் குணம்தான். இவள் அப்பா ஒவ்வொரு முறையும், “என் சத்தம் இவளுக்குத் தெரியுது பாரு” என்கிறார். தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன்.

பை இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். நான் பிரிக்கவில்லை. அவரிடம் சொல்லி அதிலிருந்து துண்டை மட்டும் எடுத்துவரச் சொன்னேன், இவளுக்கு வேண்டியிருந்தது. இன்றைக்கு நான் இங்கேதான் இருக்கிறேன். நாளைக்கு என்ன என்பதை நாளைக்குத்தான் சொல்ல முடியும். அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சரி என்றார்.

அம்மாவை அனுப்புங்கள். எனக்கு அம்மா வேண்டும். ஆனால் நீங்கள் அம்மாவிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் அனுப்பவேண்டும். எங்கள் வீட்டில், இந்தக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, “அது அவங்க ரத்தம்” என்று அம்மா ஒருமுறை சொன்னாலும் என்னால் தாங்க முடியாது. அதை நான் திருத்தவும் முடியாது. நீங்கள் சொன்னதை நீங்கள்தான் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 2

அன்புள்ள கேள்விக்குறிக்கும், அவள் பெற்ற குட்டிக் கேள்விக்குறிக்கும்,

பெண் பிறந்த செய்தியைத் தெரு முழுவதும் சொன்னேன். தையற்காரர் இந்த முறை எதையும் கீழே போடவில்லை. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைத் தூங்கச் சொல்.

நீ சொன்னபடி நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படி என்று கேள். உங்களுக்கென்று என்னென்னவோ வாங்கிப் பெட்டியில் திணித்துவிட்டாள், ஜிப் மூடவில்லை. “அண்ணா, மேல உக்காரு” என்றாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். அவங்கப்பன் ஓடவில்லை, தாத்தாவும் ஓடவில்லை, எல்லாம் நான் கட்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

ஜிப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்! “அண்ணா, அவங்கப்பா லிஃப்ட் ஓட்டினவருன்னு கல்யாணமான புதுசுலயே அவர் என்கிட்ட சொல்லியிருக்காரு. நீ சொல்லும்போதே பொய்யின்னு தெரியும். எனக்காக ஒரு மனுஷன் வேர்த்து விறுவிறுத்து இவ்வளவு பெரிய பொய்யைத் தூக்கிட்டு வந்து நிக்கறானேன்னுதான் எழுந்து முகம் கழுவினேன். முப்பது வருஷமா உன் மனசு நோகக்கூடாதுன்னு நம்பற மாதிரி இருந்தேன்” என்றாள். என்னை வாயடைக்க வைத்த முதல் ஆள் உன் அம்மாதான்.

ஆகவே இனி ஒரு பாரமும் இல்லை. நாளைக் காலை வண்டியில் ஏற்றிவிடுகிறேன். மத்தியானம் நிலையத்துக்கு வரச்சொல்லி மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டிய உறையை அவள் பிரிக்கமாட்டாள்.

இங்கே கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

பெட்டிமேல் உட்கார்ந்தது உண்மை. ஜிப் மூடியது உண்மை. “சொல்லு அண்ணா, என்னமோ சொல்ல வந்தியே” என்று அவள் கேட்டதும் உண்மை. நான் ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்காருவதைப் பற்றி ஏதோ பேசினேன். அவள் சிரித்ததும், முன்பே தெரியும் என்றதும் நான் சேர்த்தது. இந்தக் கடிதத்தை உன்னிடம் நீட்டிவிட்டுக் குழந்தைக்காகக் கை நீட்டுகிறாளே, அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

மாமா